கொட்டாவி குமரேசன் உட்கார்ந்து காட்டிய சாயங்காலம்

மேகமலையில் அந்தத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லைனில் ஒரே ஒரு டி.வி. இருந்தது. சூப்பர்வைசர் சூரியபிரகாஷ் ஆசைப்பட்டு வாங்கிவந்து, சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டினார். மலை மறைத்துக்கொண்டது. திரையில் வெள்ளைக் கொசு பறந்ததே தவிர ஒரு முகம் தெரியவில்லை. இப்போது அந்தப் பெட்டிக்குத் துணி போர்த்தி, மேலே சாமி படம் வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் மேல் லைன் ஜனங்கள் மூன்று வருஷமாக ஒரு வாரம் விடாமல் ‘ஏழாம் நம்பர் வீடு’ நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காட்டியது பவுனு.

பவுனு கொழுந்து பறிக்கிறவள். அவள் தங்கை விஜியைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பவுனு மலையிறங்குவாள். சாமான்களை வாங்கி விஜி வீட்டில் போட்டுவிட்டு, நாடகம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த அரைமணி நேரம் விஜியின் பிள்ளை அழுதால்கூட அவளுக்குக் கேட்காது. திரும்பி வரும் பஸ்ஸில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளமாட்டாள். வளைவுக்கு வளைவு பஸ் குலுங்கும். பார்த்ததெல்லாம் அவளுக்குள் மறுபடி ஒருமுறை ஓடும். உதடு மட்டும் அசையும்.

பொழுது சாயும் நேரம் கொழுந்து எடைபோடும் கொட்டகையில் எல்லோரும் கூடிவிடுவார்கள். பவுனு நடுவில் நிற்பாள். மருமகள் சாருமதி கண்ணைத் துடைப்பதும் அவள்தான், மாமியார் இருமுவதும் அவள்தான். முதலில் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்த ரெண்டொருத்தர்கூட, “அதைவிட நம்ம பவுனு சொல்றதுதான் நல்லாருக்கு” என்று பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

நாடகத்தில் வரும் அந்த ஏழாம் நம்பர் வீட்டில் அய்யாவு என்று ஒரு வீட்டோடு மாப்பிள்ளை. அந்த வேஷம் கட்டியவர் பெயர் கொட்டாவி குமரேசன். எந்தக் காலத்திலோ மேடை நாடகத்தில் ஒரு கொட்டாவி விட்டு, அதற்கே கைதட்டு வாங்கியவராம். அய்யாவுக்கு அந்த வீட்டில் ஒரு மரியாதையும் கிடையாது. அவர் நாற்காலியில் உட்காரப் போகும்போதெல்லாம் உள்ளிருந்து மாமியாரின் இருமல் கேட்கும். பாதி இறங்கிய உடம்பு அப்படியே நிற்கும். உட்காரவும் முடியாது, எழுந்திருக்கவும் மனசு வராது. பிறகு, நாற்காலியில் தூசி இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் மாதிரி நிமிர்ந்துகொள்வார். மூன்று வருஷத்தில் அந்த மனுஷர் அந்த வீட்டில் ஒருதடவைகூட முழுசாக உட்கார்ந்ததில்லை.

ஊர் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது. பவுனும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்குத் திகைப்பாக இருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலிக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம், அவ்வளவுதான். அந்த ஒரு சாணுக்குள் ஒரு மனுஷனின் பசி, மானம், ஆசை எல்லாவற்றையும் எப்படி வைக்கிறார்? வீட்டில் முக்காலியைப் போட்டு அவள் செய்துபார்ப்பாள். முட்டி கழன்றுபோகும். புருஷன் பிச்சைமணி அடுப்போரம் இருந்து, “ஏத்தா, ஒண்ணு உக்காரு, இல்ல நில்லு. பாக்குற எனக்கு இடுப்பு வலிக்குது” என்பான்.

தொண்ணூற்றொன்பது ஐப்பசியில், நாடகக்காரர்கள் எஸ்டேட் பங்களாவுக்கே வந்து இறங்கினார்கள். ஏழாம் நம்பர் வீட்டுக்காரர்கள் மலைக்கு வருகிற மாதிரி கதையாம். சேதி தெரிந்ததும் சனிக்கிழமை வேலை முடிந்து பெண்கள் எல்லாம் பங்களா கேட்டுக்கு ஓடினார்கள். பவுனு போகவில்லை.

“என்ன மதினி, நீதான மொத ஆளா நிக்கணும்?” என்றாள் மலையம்மாள். பக்கத்து வீடு, வாய் கொஞ்சம் நீளம்.

“நீங்க போயிட்டு வாங்க” என்றாள் பவுனு. அவள் மனசில் இருந்தது வேறு. கிட்டத்தில் போய்ப் பார்த்து, அவர் நம்மைப்போல ஒரு சாதாரண ஆளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. போனவர்களையும் காவலாள் உள்ளே விடவில்லை.

அன்றைக்கு ராத்திரி பெய்த மழையில் கீழே ரோட்டில் மண் சரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் மேலே வரவில்லை. பவுனு பையை வைத்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு வாரம் விட்டுப்போனது. போன வாரக் கடைசியில் பெட்டியோடு வாசலில் நின்ற சாருமதி வீட்டைவிட்டுப் போனாளா, இருந்தாளா என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் வழக்கம்போலக் கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது.

“இந்த வாரம் கதை இல்லப்பா. நானே பாக்கல” என்றாள் பவுனு.

“இல்லாட்டி என்ன? பந்தியில அய்யாவு உக்காரப் போனாரே, அதச் செய்யி” என்றார் தோட்டத்து வாட்ச்மேன் நல்லகண்ணு. முன்வரிசை அவருடையது.

பவுனு நாற்காலியைப் போட்டாள். வாழையிலை விரித்தாயிற்று, அய்யாவு வேட்டியை மடக்குகிறார், முட்டி மடங்குகிறது. இருமல். பவுனின் உடம்பு அந்தரத்தில் நின்றது. முகம் இலையைப் பார்த்தது. முதுகுக்குப் பின்னால் அவள் விரல்கள் மட்டும், அங்கே நாற்காலி இருக்கிறதா என்று மெதுவாகத் தடவித் தேடின. கூட்டம் விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பில் ஒன்று மட்டும் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. கொட்டகைக்கு நாலு பக்கமும் சுவர் கிடையாது. பவுனு திரும்பினாள். குரங்குக் குல்லாயும் சால்வையுமாக, முழங்கால் வரை சேறாக, குள்ளமாக ஒரு ஆள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பவுனு நிமிரக்கூடத் தோன்றாமல் அப்படியே பாதியில் நின்றாள்.

“ஏன் நிறுத்திட்டீங்க? செய்யுங்கம்மா” என்றார் அவர்.

“யாரு சாமி நீங்க? பங்களா டிரைவரா? பொட்டிக்கடை அந்தப் பக்கம்” என்றாள் மலையம்மாள்.

“ஏய், சும்மா இரு!” பவுனு அதட்டினாள். “இவுகதான். அய்யாவு. குமரேசன் இவுகதான்!”

கொட்டகையில் ஆளாளுக்கு அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்குத் தெரிந்த அய்யாவு உயரமாக, பின்கொசுவம் வைத்த சேலை கட்டிக்கொண்டு, பவுனு மாதிரியேதான் இருந்தார்.

“இவரா? இம்புட்டுக் குள்ளமாவா?” என்றது ஒரு குரல்.

நல்லகண்ணு எழுந்து அவர் முகத்துக்கு நேராக அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். “ஒண்ணும் நெனச்சுக்கிறாதீக. பேரச் சொல்லிட்டு யாரும் வரலாம். நெசமாவே நீங்க அவருன்னா, உக்காந்து காட்டுங்க.”

பவுனுக்கு உயிரே போய்விட்டது. “அய்யோ, பெரியவரே, அவுகளப் போயி...”

“கேக்குறது நியாயம்தானே” என்றார் குமரேசன். சால்வையை எடுத்து மலையம்மாள் கையில் கொடுத்தார். குல்லாயைக் கழற்றினார். வழுக்கை. “இருமல் யாரு?”

“நாந்தான்” என்றாள் பவுனு.

அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். வேறொன்றும் செய்யவில்லை. முகத்தைக் கோணலாக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. நாற்காலியை ஒருதடவை பார்த்தார். அதோடு அவருக்கு ரொம்ப நாள் பழக்கம் இருந்து, நடுவில் ஏதோ மனத்தாங்கல் வந்துவிட்டது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. முட்டி மடங்கத் தொடங்கியது. பவுனு இருமினாள்.

உடம்பு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. மழைத்தண்ணீர் தகரத்திலிருந்து சொட்டுவது கேட்டது. அவர் கழுத்து மட்டும் மெதுவாக இருமல் வந்த பக்கம் திரும்பியது. அந்த முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ‘இன்னிக்காவது?’ என்று ஒரு கேள்வி இருந்தது. அதைப் பார்த்ததும் முதலில் நல்லகண்ணு வெடித்தார். அப்புறம் கொட்டகையே வெடித்தது. மலையம்மாள் அவர் சால்வையையே வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

பவுனு சிரிக்கவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து அவர் முதுகு தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அவருடைய விரல்கள் மெதுவாக நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தன.

டி.வி.யில் அந்தக் கையை எந்தக் காலத்திலும் காட்டியதில்லை. காமிரா எப்போதும் முன்னால்தான். உட்காரப் போகிற மனுஷனின் கை சும்மா இருக்குமா என்று அவளாக நினைத்துச் சேர்த்துக்கொண்டது அது. யாருமே பார்க்காத அந்தக் கையையும் இவர் விடாமல் நடிக்க வைத்திருக்கிறார். பவுனுக்குக் கும்பிடலாமா என்று தோன்றி, கை பாதி தூக்கியபடி நின்றது.

அவர் நிமிர்ந்து அவளைத்தான் பார்த்தார். “சரியா இருக்காம்மா?” என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

நல்லகண்ணு முந்திக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா பவுனு அளவுக்கு வரல.”

குமரேசன் அடக்கமாட்டாமல் சிரித்தார். சிரித்த சிரிப்பில் அவரே அந்த நாற்காலியில் முழுசாக உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

டீ வந்தது. ஊதிக் குடித்துக்கொண்டே, “இந்த வாரம் பஸ் இல்லியாமே. கதை வேணுமா? நான் நடிச்சதுதானே, சொல்றேன்” என்றார்.

பவுனு நாடகம் பார்க்கத் தொடங்கிய காலத்திலிருந்து அன்றைக்குத்தான் கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்தாள். அவர் ஒரு டம்ளரைக் கையில் வாங்கினார். அது வெள்ளி டம்ளராகிவிட்டது. மாமியார் ஒளித்துவைத்த டம்ளரை அய்யாவு திருப்பி வைக்கப் போய் மாட்டிக்கொள்கிற இடம். பவுனு அவரையே பார்த்தாள், இமை தட்டினால் ஏதாவது போய்விடும் என்பது மாதிரி. அந்த இடம் முடிந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“சாருமதி?” என்றாள் மலையம்மாள். “பொட்டியோட நின்னாளே, போனாளா?”

அவர் விழித்தார். “அது எனக்குத் தெரியாதேம்மா.”

“தெரியாதா? உங்க வீட்டுப் புள்ளைய உங்களுக்குத் தெரியாதா?”

“என் சீன் முடிஞ்சா அனுப்பிடுவாங்க. டி.வி.யில வர்ற நேரம் வேற எங்கேயாவது ஷூட்டிங்ல இருப்பேன். ஒரு வாரம்கூட முழுசாப் பார்த்ததில்லை.”

கொட்டகையில் ஆளாளுக்கு ‘உச்’ கொட்டினார்கள். இவ்வளவு பெரிய மனுஷருக்கு இந்த நிலைமையா என்று பெண்களுக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது.

“பவுனு, எந்திரி. நீதான் சொல்லணும்” என்றார் நல்லகண்ணு.

பவுனு எழுந்தாள். முதல் வரியில் இருந்து ஆரம்பித்தாள்: சாருமதி கல்யாணமாகி வந்த நாள், நகை காணாமல் போனது, பழி அவள்மேல் விழுந்தது. குமரேசன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். நடுநடுவே, “அப்படியா? அதுக்குத்தான் என்னைக் கொல்லைப்புறத்துல நிக்கவெச்சாங்களா!” என்றார். அய்யாவு வருகிற இடங்களில் எழுந்து வந்து அவரே செய்தார். மாமியாராக அவள் பதில் கொடுத்தாள். கடைசியில் பெட்டி. பவுனு ஒரு கணம் கண்ணை மூடினாள். மூன்று வருஷமாகச் சாருமதியோடு இருந்தவளுக்கு அவள் என்ன செய்வாள் என்று தெரியாதா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அய்யாவு ஓடிவந்து, ஒன்றும் பேசாமல், அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

அய்யாவு அப்படிச் செய்வார் என்பதை அவரும் அந்த நிமிஷத்தில்தான் கண்டுபிடித்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

அவரைப் பங்களா வழியில் விட்டுவிட்டு வரும்போது பிச்சைமணி கேட்டான். “அம்புட்டு ஆசையா இருந்தியே. பக்கத்துல பாக்க எப்படி இருந்துச்சு?”

“பயமா இருந்துச்சு.”

“என்னத்துக்கு?”

“அம்புட்டும் நெசமா இருக்குங்க” என்றாள் பவுனு. அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மண் அள்ளி ரோடு திறந்ததும் நாடகக்காரர்கள் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு சின்னமனூரில் விஜி சொன்னாள்: சாருமதி போகவே இல்லையாம். மாமியார் ஒரு வார்த்தை சொன்னதும் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாளாம்.

பவுனு அதை அப்படியே கொட்டகையில் சொன்னாள். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை.

“அய்யாவு அவரே பொட்டியத் தூக்கிட்டுக் கூடப் போனாரு, நாங்க கண்ணால பாத்தோம்” என்றாள் மலையம்மாள். “டி.வி.க்காரன் மாத்திப் போட்டா நாங்க என்ன செய்ய?”

பவுனு யோசித்தாள். பிறகு, சாருமதி போய்விட்டாள் என்றே வைத்துக்கொண்டு, ஏழாம் நம்பர் வீட்டில் மாமியாரின் இருமல் அன்றைக்கு யாருக்கும் கேட்காமல் போன கதையை, தானாகவே சொல்லத் தொடங்கினாள்.