நான்கு முதுகுகள்

ஓலைத்தொடுவாய் மீனவர் சங்கக் கட்டடத்தின் கடல் பக்கச் சுவரில் அபிசா படம் கீறத் தொடங்கியபோது, ஊர்ப் பெண்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அடம்பன் வயற்காரர் யோகராசாவின் மகள், யாழ்ப்பாணத்தில் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவள், ஏணியில் ஏறி நின்று வேலை செய்கிறாள் என்றால் சும்மாவா? ஒரு வீட்டில் பால் விடாத பிளேன்ரீ, மறு வீட்டில் பொரித்த மீன். படித்து முடித்தும் வேலையில்லாமல், "எப்ப பிள்ளை கவுண்மேந்து உத்தியோகம்?" என்ற தகப்பனின் கேள்வியிலேயே மெலிந்து போயிருந்தவள், இங்கே வந்து ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள்.

படத்தில் அந்திக் கடல். நான்கு படகுகள் கரையை விட்டுப் போகின்றன. ஒவ்வொன்றிலும் ஊர் ஆள் ஒருவர் முதுகு தெரிய நிற்கிறார். கடைசிப் படகில் எஞ்சின் பிடியைப் பிடித்திருப்பவன் ஊர்ப் பெண் அன்ரோனெற்றின் மகன் றொசாந்தன். அபிசா போனில் படம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பினாள். அங்கே சுவரோவியங்களைப் படமெடுத்து வைக்கும் ஒரு பெரிய கண்காட்சி. "அந்த முதுகுகளிலதான் படமே இருக்கு" என்று தேர்வுக் குழுக்காரர் பதில் சொல்லி, வியாழக்கிழமை நேரில் பார்க்க வருவதாகவும் சொன்னார். அபிசாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

ஆனால் கடைசியாக றொசாந்தனின் முதுகும் முடிந்த நாளோடு பிளேன்ரீ நின்றது. பெண்கள் சுவரடியால் வருவதை விட்டுப் பின் ஒழுங்கையால் சுற்றிப் போனார்கள். படத்தில் மஞ்சள் நிறம் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்து, பாவம், அவள் ஒரு நாள் முழுக்க மஞ்சளைக் குறைத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

காரணம் அவள் கண் முன்னாலேயே இருந்தது. பின்னேரம் பெண்கள் சாப்பாட்டுப் பார்சலோடு கரைக்கு வருவார்கள், படகைத் தள்ளக் கை கொடுப்பார்கள். படகு மிதந்ததும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடப்பார்கள். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அபிசா நினைத்தாள். போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, நின்றால் போனவர் திரும்பமாட்டார் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. பார்க்கக் கூடாத அந்த முதுகுகளைத்தான் அவள் மழைக்கும் அழியாத பெயின்ற்றில் சுவர் நிறைய நிறுத்தி வைத்திருந்தாள். அதைச் சொல்லி, ஊருக்கு வந்த பிள்ளையை நோகடிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

புதன்கிழமை காலை மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. றொசாந்தனின் படகு வரவில்லை. வெயில் ஏறியும் வரவில்லை. போன் எடுபடவில்லை. ஆட்கள் தேடிப் போனார்கள். அன்ரோனெற் கையில் செபமாலையோடு நேரே சுவரடிக்கு வந்தாள். புருஷன் சிங்கராசாவை ஏற்கெனவே கடலுக்குக் கொடுத்தவள் அவள். மிஞ்சியது இந்த ஒருவன்.

"பிள்ளை, என்ர பொடியனைத் திருப்பி விடுங்கோ" என்றாள்.

அபிசாவுக்கு முதலில் விளங்கவில்லை. சுவரில் நிற்பவனைக் கரைப் பக்கம் திருப்பிக் கீறச் சொல்கிறாள் என்று பிறகுதான் விளங்கியது.

"அன்ரி, நாளைக்குக் கொழும்பால பாக்க வருகினம். இந்த முதுகுகளுக்காகத்தான் வருகினம்."

"அவையள் பாத்திட்டுப் போயிடுவினம். நான் இந்தச் சுவரோடதானே இருக்கப்போறன்?"

"இது படம்தானே அன்ரி. படத்தால கடலில ஒண்டும் நடக்காது."

அன்ரோனெற் சத்தம் போடவில்லை. உண்மையாகவே அறிய விரும்புகிறவளைப்போலக் கேட்டாள்: "ஒண்டும் நடக்காட்டி, பிறகு என்னத்துக்குப் பிள்ளை கீறினனீங்கள்?"

அபிசா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். குகைக்குள் மாட்டைக் கீறிய ஆதி மனிதன் அழகு பார்க்கக் கீறவில்லை, மாடு அகப்பட வேண்டும் என்றுதான் கீறினான் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் அவள். அந்த மனிதன் செத்து எத்தனையோ ஆயிரம் வருடம் என்று நினைத்திருந்தாள். இப்போது அவன் செபமாலையோடு எதிரில் நின்றான். வீட்டில் அம்மா விடியப்புறம் போடும் கோலமும் ஞாபகத்துக்கு வந்தது. அதைத் தேர்ந்தெடுக்கக் கொழும்பிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. ஒரு நாள் போடாவிட்டால் அம்மாவுக்கு அன்று முழுக்க மனம் சரியாக இராது.

தூரிகையை வெள்ளைப் பெயின்ற்றில் தோய்த்தாள். றொசாந்தனின் முதுகை மூடினாள். அவள் கீறியவற்றிலேயே நல்ல முதுகு அதுதான்.

படகைத் திருப்பினாள். முகம் என்று வந்தபோது திகைத்துப் போனாள். இத்தனை நாளும் பின்னால் நின்றே பார்த்தவளுக்கு அவன் முகம் சரியாகத் தெரியாது.

"சிரிக்கிற மாதிரிக் கீறாதேங்கோ" என்றாள் அன்ரோனெற். "கடலால வரேக்க அவன் சிரிக்கமாட்டான். பசி. மூஞ்சை உம்மெண்டு இருக்கும். இடப் பக்கப் புருவத்தில ஒரு வெட்டு இருக்கு."

புருவம் முடிந்து கண் தொடங்கும் நேரம் கரையில் கூச்சல் கேட்டது. தேடிப் போனவர்களின் படகு றொசாந்தனின் படகைக் கயிறு போட்டு இழுத்து வந்தது. எஞ்சின் பழுதாம். இறங்கி வந்தவனின் மூஞ்சை உம்மென்றுதான் இருந்தது. அன்ரோனெற் ஓடிப்போய் அவன் முதுகில் ஒன்று போட்டு, பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதாள். படம்தான் கொண்டுவந்தது என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவள் என்ன விசரியா?

அபிசா ஏணியில் தனியே நின்றாள். பொடியன் வந்துவிட்டான். இனி யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இரவுக்குள் பழைய முதுகைத் திரும்பவும் கீறிவிடலாம், போனில் படம் இருக்கிறது. கண்காட்சியும் கைவிட்டுப் போகாது. ஆசை இல்லாமலில்லை. அழுகையே வரும்போல இருந்தது. மற்ற மூன்று முதுகுகளையும் பார்த்தாள். கூச்சல் கேட்டு வந்து கீழே நின்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள் சுவரைப் பாராமல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நிறஞ்சலாக்கா" என்று முதல் படகுக்காரனின் பெண்சாதியைக் கூப்பிட்டாள். "உங்கட வீட்டுக்காரர் கடலால வரேக்க எப்பிடி இருப்பார்?"

நிறஞ்சலா ஏணியடிக்கு வந்து, நாணத்தோடு சொல்லத் தொடங்கினாள். பின்னேரம் பிளேன்ரீயும் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் தேர்வுக் குழுக்காரர் வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான். சுவரைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். உம்மென்ற நான்கு முகங்கள், காயாத பெயின்ற், அவசரத்தில் கோணிப்போன ஒரு படகு.

"அந்த முதுகுகள் எங்க தங்கச்சி? அதுகளுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தனான்."

தேநீர்க் கோப்பையோடு வந்த அன்ரோனெற்தான் பதில் சொன்னாள்.

"அவையள் எல்லாரும் கரைக்கு வந்திட்டினம் ஐயா. தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவர் குடித்தார், வருத்தத்தோடு கை கொடுத்துவிட்டுப் போனார். அபிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு தூரிகைகளைக் கழுவினாள். அடம்பனுக்குப் போய் அப்பாவுக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரமும் படகுகள் இறங்கின. றொசாந்தனும் எஞ்சினைத் திருத்திக்கொண்டு போனான். படகு மிதந்ததும் பெண்கள் வழமைபோலத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். பின் ஒழுங்கையால் அல்ல, சுவரடியால் வந்தார்கள். சுவருக்கு முன்னால் வந்ததும் நின்றார்கள். அங்கே ஆசை தீரப் பார்க்கலாம்.