பதினொன்று நாற்பதுக்கு முடிந்த கூட்டம்

கூட்டம் பதினொன்று நாற்பதுக்கு முடிந்ததாகக் குறிப்பில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரைதான்.

எங்கள் கம்பெனியில் அப்படித்தான். கூட்டத்துக்கு முன்பே அதன் குறிப்பு டைப் ஆகி வந்துவிடும். சித்தப்பா, சித்தி, நான் என்று மூன்று டைரக்டர்கள். அப்பா போனபின் அவர் இடத்தில் என்னைப் போட்டார்கள். எனக்கு வேலை கீழே சோதனைக்கூடத்தில். கூப்பிட்டால் மேலே வந்து, பென்சில் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். இரண்டு வருடமாக வாயைத் திறந்ததில்லை.

அன்று ஏனோ படித்தேன். நாங்கள் செய்யும் தண்ணீர் வடிகட்டிகளுக்கான பீங்கான் உருளைகளை இனிமேல் சித்தியின் தம்பியிடம் வாங்குவது. சோதனை முடிவுகளைப் பரிசீலித்து, ஏகமனதாக.

சோதித்தது நான். பத்து உருளைகளில் மூன்றில் மயிரிழை விரிசல். கலங்கல் தண்ணீர் கலங்கலாகவே இறங்கியது. அறிக்கை என் கையிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

"என்னம்மா, பேனாவுல மை தீர்ந்துடுச்சா?" என்றார் சித்தப்பா.

"ரிசல்ட்டை இன்னும் யாரும் பார்க்கலையே, சித்தப்பா."

சித்தி சிரித்தாள். "ஊமைக்கு வாய் வந்துடுச்சு! அவன் உனக்கும் மாமாதான்டி, ஞாபகம் இருக்கா?"

அம்மா இல்லாத எனக்கு ஏழு வயதிலிருந்து தலை வாரிவிட்டவள் சித்தி. காது சுட்டது. அறிக்கையை மேஜையில் வைத்தேன்.

"மூணு ஒழுகுது, சித்தி. குடிக்கிற தண்ணி."

குறிப்பை டைப் அடித்துக் கொண்டுவந்திருந்த கம்பெனி செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வு பெற அவருக்கு நான்கு மாதம் இருந்தது.

"பேச்சு வந்துட்டதால சொல்றேன் சார். மேடத்தோட தம்பிகிட்ட வாங்குறோம்னா அதை முதல்ல கூட்டத்துல சொல்லணும். சொல்லிட்டு நீங்க ரெண்டு பேரும் ஓட்டுல இருந்து ஒதுங்கிக்கணும்."

"ஒதுங்கிட்டா மிச்சம் யாரு?"

"பாப்பாதான். மாமான்னு கூப்பிட்டாலும் சட்டப்படி அது நெருங்கின சொந்தத்துல வராது. நம்ம கம்பெனி விதிப்படி சம்பந்தமில்லாத ஒருத்தர் இருந்தா போதும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இத்தனை வருஷமா ஏன்யா இதைச் சொல்லல?"

"கூட்டம்னு ஒண்ணு நடந்தாதானே சார் சொல்ல முடியும்."

சித்தப்பா அறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து, "வா, நாம வெளியே நிப்போம்" என்று சித்தியை அழைத்துக்கொண்டு போனார். சித்தி என் பக்கம் திரும்பவில்லை.

"வேண்டாம்" என்று என் ஓட்டைச் சொன்னேன்.

செக்ரட்டரி டைப் அடித்த தாளின் குறுக்கே கோடு போட்டுவிட்டு, புதுத் தாளில் கையால் எழுதினார். முடிந்த நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டார்: பத்து ஐம்பத்திரண்டு.

வராந்தாவில் சித்தப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். "மாப்ள, உன் சரக்கு ஒழுகுதாம். ... நான் சொல்லலடா. எங்க டைரக்டர் சொல்றாங்க."

கதவு கொஞ்சம் திறந்தது. சித்தி.

"மத்தியானம் சாப்பிட வருவியா, இல்ல அதுக்கும் தீர்மானம் போடணுமா?"

புதுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"வரேன் சித்தி."