பூச்சாண்டிப் படம்

என் அப்பா கொர்னேலியஸுக்கு எழுபத்தாறு வயது. எதைத் தொடங்கினாலும் சிலுவை போட்டுக்கொண்டுதான் தொடங்குவார். மோட்டார் சைக்கிளை உதைப்பதற்கு முன், கிளினிக்கில் ஊசிக்குக் கை நீட்டுவதற்கு முன், அம்மா வைத்த புதுக் குழம்பை வாயில் வைப்பதற்கு முன். அதெல்லாம் போகட்டும். சிலுவை போட்டுவிட்டு மனிதர் பொய் சொல்கிறாரோ என்ற சந்தேகம் மட்டும் எனக்குப் பத்து வயதிலிருந்தே உண்டு.

விஷயம் இதுதான். 1971இல் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து பத்து நாள் படம் எடுத்தது. ஏதோ ஒரு கிரகத்தில் விஞ்ஞானிகள் இறங்குகிறார்கள், பச்சையாக ஒரு ஜந்து அவர்களைத் துரத்துகிறது. எங்கள் மலைதான் அந்தக் கிரகம். அந்த ஜந்துவின் ரப்பர் உடைக்குள் இருந்தது தான்தான் என்பது அப்பாவின் கதை. படத்தின் ஆங்கிலப் பெயர் இங்கே யாருக்கும் வாயில் நுழையவில்லை, அதனால் அது பூச்சாண்டிப் படம் ஆயிற்று. அப்பா பூச்சாண்டி கொர்னேலியஸ் ஆனார். பிரிஞ்சாங் மார்க்கெட்டில் அப்படிச் சொன்னால்தான் அவரைத் தெரியும். என் கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாழ்த்தை மறந்துவிட்டு இருபது நிமிடம் பூச்சாண்டிக் கதை சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்தப் படத்தை இங்கே ஒருவர்கூடப் பார்த்ததில்லை. எங்கேயோ ஓடி, எங்கேயோ படுத்துவிட்டது.

இந்த வருடம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் வாரம். பள்ளியின் புரொஜெக்டரைத் தோட்ட மண்டபத்துக்குத் தருவதாகக் குமுதா டீச்சர் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. போடுகிற படம் பழைய விஞ்ஞானப் படமாக இருக்க வேண்டும். மண்டபக் குழுவின் செயலாளர் நான். கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை வைத்திருக்கும் எவலினுக்கு நாக்கு நீளம், அதனால் கூட்டத்து மினிட்டும் நன்றாக எழுதுவாள் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

முதல் கூட்டத்தில் தலைவர் அமிர்தலிங்கம் அண்ணன், காய்கறி மொத்த வியாபாரி, ஒரு கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்தைச் சொன்னார். கதாநாயகன் ராக்கெட்டில் சந்திரனுக்குப் போய் இறங்கி, இறங்கியதும் பாடுவானாம்.

"அங்க காத்தே இல்லையே அண்ணே, எப்படிப் பாடுவான்?" என்றார் குமுதா டீச்சர்.

"ஹீரோவுக்கு எதுக்கு டீச்சர் காத்து?"

டீச்சர் தன் பங்குக்கு ஓர் ஆங்கிலப் படத்தைச் சொன்னார். மூன்று மணி நேரத்தில் நாலே வசனம். அமிர்தலிங்கம் அண்ணன் அப்போதே கொட்டாவி விட்டார். கடைசியில் டீச்சர், "இன்னொண்ணு இருக்கு. ஆனா படம் ரொம்ப மட்டம். நம்ம தோட்டத்துல எடுத்ததாம், இணையத்துல கிடைச்சுச்சு" என்று மெல்ல இழுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூச்சாண்டிப் படம்! "அதான் போடுறோம்" என்று மேசையில் தட்டினேன். எதிர்ப்பு இல்லை. அன்று மினிட் எழுதும்போது எனக்கு இருந்த சந்தோஷம் நல்ல மகளுக்கு உரியதல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்து கொண்டிருந்தபோது அப்பாவின் மோட்டார் வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எவலின், அமிர்தலிங்கம் சொன்ன படத்தப் போடலாம்லா. பாட்டெல்லாம் இருக்கு."

"அந்த ஹீரோ படம்னாலே உங்களுக்கு ஆவாதே. என்ன திடீர்னு?"

அப்பா ஸ்ட்ராபெரி டப்பாக்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். "அது நான் இல்லம்மா."

கையிலிருந்த கடைச் சாவியை மேசையில் வைத்தேன்.

"என்னைத்தான் எடுத்தாங்க, பேரும் எழுதினாங்க. முதல் நாள் அந்தத் தலைய மாட்டினதும் மூச்சு முட்டிப்போச்சு. கழட்டிப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன். அப்புறம் வேற ஆளு போட்டுக்கிச்சு."

"யாரு?"

"சத்தியம் பண்ணியிருக்கேன். சொல்லமாட்டேன்."

"முகமூடி போட்டிருக்கறப்ப யாருக்குத் தெரியப் போவுது? பேசாம இருங்க."

"அந்தக் கைய பாத்தா தெரிஞ்சுடும். இந்தத் தோட்டத்துல தெரிஞ்சுடும்." அப்பா ஹெல்மெட்டின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஐம்பது வருஷமா பூச்சாண்டின்னு கூப்பிடறாங்க. அது போச்சுன்னா நான் யாரும்மா? சும்மா தேயிலைக்கு மருந்தடிச்ச ஒரு கொர்னேலியஸ்."

நாற்பது வருடமாக அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தவள் நான். பிடித்தாகிவிட்டது. ஆனால் அந்த மனிதர் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். மண்டபம் நிறைய ஜனங்களுக்கு முன்னால் அவர் கூனிக் குறுகி நிற்பதை நான் பார்க்கமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை அவசரக் கூட்டம் கூட்டினேன். "பூச்சாண்டிப் படம் வேணாம். பிள்ளைங்க பயந்துடும்" என்றேன்.

"போன வாரம் மேசைய ஒடச்சது நீதானேம்மா?" என்றார் அமிர்தலிங்கம் அண்ணன். ஆனாலும் தன் சந்திரன் படத்துக்கு வழி பிறந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. கை தூக்கப் போகிற நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தார். பார்பரா. வேளாங்கண்ணித் திருநாள் தவிர வேறு எதற்கும் வீட்டை விட்டுக் கிளம்பாதவர், கையில் ஒரு தட்டு நிறையப் பொரித்த கறிபாப்போடு வந்து நின்றார்.

"அந்தப் பூச்சாண்டிப் படத்தையே போடுங்க" என்றார்.

"அம்மா, உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க."

"எனக்கு எழுபத்து மூணு வயசாவுது எவலின். நான் அதப் பாக்கணும்."

அவ்வளவுதான். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். கறிபாப் சாப்பிட்ட வாயால் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நானும் இரண்டு சாப்பிட்டேன்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. சர்ச்சில் பூசையும் முடிந்து, கோவிலில் பிரசாதமும் கொடுத்து முடிந்த நேரம். மண்டபத்து ஜன்னல்களைக் காய்கறித் தோட்டத்துக் கறுப்பு பிளாஸ்டிக்கால் அடைத்திருந்தோம். மலையடியில் இருக்கும் ரிங்லெட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மூன்றாவது தடவையாகத் துடைத்தார். அப்பா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். நழுவுவதற்கு வசதியான இடம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

படம் மட்டம் என்று டீச்சர் சொன்னது மரியாதைக்கு. ராக்கெட் என்று ஒன்று இறங்கியது, சாம்பார் வாளியைக் கவிழ்த்த மாதிரி. விஞ்ஞானி ஒருவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சுற்றிலும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். டீச்சர் மைக்கில் மொழிபெயர்த்தார்: "இந்தக் கிரகத்தில் உயிர்களே இல்லை."

"பின்னாடி நம்ம கோவில் கோபுரம்லா தெரியுது!" என்று அமிர்தலிங்கம் அண்ணன் கத்தினார். மண்டபம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் கதையைப் பார்க்கவில்லை. அது எட்டாம் நம்பர் மலை, அது பழைய ஸ்டோர், அந்தச் சாலை இப்போது ஹோட்டல் என்று ஒரே சத்தம்.

அப்புறம் மூடுபனிக்குள்ளிருந்து பூச்சாண்டி வந்தது. தலையில் இரண்டு கொம்பு, உடம்பெல்லாம் பச்சை. கை மட்டும் மனிதக் கை, பச்சைச் சாயம் பூசியது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே விஞ்ஞானியைப் பிடிக்க வர வேண்டும். வந்தது. ஆனால் வருகிற வழியில் அதன் இரண்டு கைகளும் சும்மா இல்லை. செடியின் மேல் தடவி, கிள்ளி, பிடி நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசின. முதுகில் கூடையே இல்லை. மறுபடி கிள்ளல், மறுபடி வீச்சு. விஞ்ஞானி அலறிக்கொண்டிருக்க, பூச்சாண்டி முற்றின இலையை ஒதுக்கிவிட்டுக் கொழுந்தாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தது.

"அட, இது கொழுந்து எடுக்குதுடி!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். இப்போதெல்லாம் மெஷின்தான் வெட்டுகிறது, சின்னப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பெண்களுக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் இங்கே ஆண்கள் செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள், மருந்தடிப்பார்கள். கொழுந்துக்குக் கை வைக்கமாட்டார்கள்.

காளியம்மா அத்தை எழுந்தே விட்டார். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவர். "எடது தோளு! எடது தோளுக்கு மேல வீசுது பாருங்க! எல்லாரும் வலது பக்கம் வீசுவோம். பக்கத்துல நிக்கிற என் மூஞ்சியிலயே வீசினவ ஒருத்திதான். ஏண்டி பார்பரா!"

மண்டபம் முழுக்க அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் உக்காரு காளியம்மா, மறைக்குது" என்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. வாய் நிறையச் சிரிப்பு.

எனக்குப் பக்கத்தில் அப்பா எழுந்து நின்றார், தொப்பியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு. "ஆமா, அது என் பொஞ்சாதிதான். நான் ஓடிப் போயிட்டேன். இத்தன வருஷமா நான்னு சொன்னது பொய்."

டீச்சர் படத்தை நிறுத்திவிட்டார். அம்மா மெதுவாகத் திரும்பினார். "பொய் சொல்லச் சொன்னதே நான்தான். எங்கப்பா தங்கையா கங்காணி. கன்னிப் பொண்ணு வேஷம் கட்டினான்னு தெரிஞ்சா உயிரோட விட்டிருக்க மாட்டாரு. இவருகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"எதுக்குடி போட்டுக்கிட்ட?" என்றார் காளியம்மா அத்தை.

"ஆசைதான். வேற என்ன?"

"தாத்தா செத்து இருபது வருஷம் ஆச்சே, அப்புறமாவது சொல்லியிருக்கலாமே!" என்று நான் இங்கிருந்தே கத்தினேன்.

"அதுக்குள்ள இவரு சொல்ற கத ரொம்ப நல்லா வந்துடுச்சு. நான் சொன்னா அப்படி வராது."

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் "பூச்சாண்டி பாட்டி!" என்று அம்மாவைச் சூழ்ந்துகொண்டன. அப்பாவும் சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஒருவரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "முடிஞ்சதும் சேர்ந்து போலாம்."

படம் மறுபடி ஓடியது. கடைசிக் காட்சி ரிங்லெட் ஏரி. விஞ்ஞானி துப்பாக்கியை நீட்டிப் பூச்சாண்டியைக் கரைக்குத் துரத்துகிறார். அது தண்ணீரில் விழுந்து சாக வேண்டும். கரை விளிம்பில் வந்து நின்றது. தண்ணீரைப் பார்த்தது. பிறகு அந்த வேற்றுக் கிரகத்துப் பூச்சாண்டி, பச்சைக் கையைத் தூக்கி நெற்றியில் வைத்து, நெஞ்சில் வைத்து, இடது தோளில் வைத்து, வலது தோளில் வைத்து, ஒழுங்காகச் சிலுவை போட்டுக்கொண்டு தொப்பென்று ஏரியில் குதித்தது.



அப்புறம் மண்டபத்தின் கூரை பறந்துவிடும் போலிருந்தது. "கொர்னேலியஸ்! பூச்சாண்டி கொர்னேலியஸ்!" அமிர்தலிங்கம் அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தார். கோவில் தலைவரும் அவர்தான்.

அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எனக்கு நீச்சல் தெரியாது. முடியாதுன்னு அழுதேன். அந்தத் தலைய ஒரு நிமிஷம் தாங்க முடியாம ஓடின மனுஷன் ஓடி வந்து அதையே மாட்டிக்கிட்டுத் தண்ணியில குதிச்சாரு."

"அத வெட்டி எறிஞ்சிட்டேன்னு சொன்னானே அந்த டைரக்டர் துரை!" என்றார் அப்பா. வாயை மூட மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூச்சாண்டி சிலுவை போடுமாடான்னு அவ்வளவு திட்டினானே. மாத்து உடுப்பு இல்ல, மறுபடி எடுக்க முடியாமப் போச்சு..."

நான் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். ஏன் அழுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, அவரும் அழுதுகொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்து, தொப்பியை மாட்டி, எழுந்து நின்று, பழக்கம் விடாமல் சிலுவை போட்டுக்கொண்டார். மண்டபம் மறுபடி கைதட்டியது.

"டீச்சர்," என்றார் அப்பா, "அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ போடுங்களேன்லா."