சேவுகன் வீட்டு வெயில்

அரிமளத்தில் அந்த வருடம் அக்னி நட்சத்திரம் எல்லா வீட்டிலும் இருபத்தைந்து நாளில் முடிந்தது. சேவுகன் வீட்டில் மட்டும் முந்நூற்று ஐம்பத்தைந்து நாள் நின்றது. ஐப்பசியில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் ஓடியபோது அந்தக் காம்பவுண்டுச் சுவருக்குள் மண் வெடித்துக் கிடந்தது. மழை தகரக் கூரைக்கு ஒரு முழம் மேலேயே ஆவியாகிப் போனது. ஹைஸ்கூல் அறிவியல் வாத்தியார் மரியசெல்வம் வெப்பமானியோடு வந்து, நாற்பத்திரண்டு புள்ளி மூன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அவருக்குக் கொடுத்த டீ இரண்டு மணி நேரமாகியும் ஆறவில்லை. "பிசிக்ஸ் படிச்ச பொண்ணு, நீயே சொல்லும்மா, இது என்ன?" என்று சேவுகன் மகள் பரிமளாவைக் கேட்டார். "தெரியலை சார்" என்றாள். அவர் அந்த டீயைச் சூடாகவே குடித்துவிட்டுப் போனார். ஊருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சேவுகன் நாற்பது வருடம் ரேடியோ செட் கட்டியவர். அங்கே எந்த வீட்டு விசேஷத்துக்கும் முதலில் வருவது செட்டுதான். தொட்டில் கட்டுவதற்கு முன்னால் ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வேண்டும், தாலி கட்டுவதற்கு முன்னாலும் அப்படியே. சாவு விழுந்தால் பிணத்தைக் குளிப்பாட்டும் முன்பே குழாய் அழ ஆரம்பித்திருக்க வேண்டும். பாட்டு இல்லாமல் தூக்கினால் நாதியற்றவன் என்று அர்த்தம். அவரிடம் மூன்று டிரங்குப் பெட்டிகளில் இருநூற்றுப் பதினான்கு இசைத்தட்டுகள் இருந்தன. பென் டிரைவ் வந்தபிறகு அவரைக் கூப்பிடுவது குறைந்துபோனது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பென் டிரைவ் நல்ல சாமான்தான், கனம் கிடையாது. அவர் பெட்டிகளைப் பின்பக்கத் தகர அறைக்கு மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறை தட்டுகளைத் துடைத்து நிறுத்திவைத்தார். துடைக்கும்போது ஒரு சின்னத் தட்டை மட்டும் எடுத்துக் காட்டுவார். வாசித்தவர் பெயர் கிழிந்துபோன கிளாரினெட் தட்டு, மூன்று நிமிடம் இருபது நொடி. "நான் போறன்னைக்கு இதைப் போடு ஆத்தா. அழுவாச்சிப் பாட்டெல்லாம் எனக்கு ஆகாது" என்பார். தாயில்லாத ஒற்றைப் பிள்ளையான பரிமளா, சாப்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டுவாள்.

அவர் போனது அக்னி நட்சத்திரத்தின் இரண்டாம் நாள். கீரனூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்த பரிமளா இரண்டு பஸ் மாறி மதியம் வந்து சேர்ந்தாள். தெரு சத்தமில்லாமல் கிடந்தது. பென் டிரைவ்காரன் விராலிமலைப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். ஊரில் மிச்சமிருந்த ஒரே செட் செத்தவருடையது, அதைப் போடத் தெரிந்த ஒரே ஆள் பாடையில் படுத்திருந்தார். இல்லை, இன்னொரு ஆளுக்கும் தெரியும். பன்னிரண்டு வயதிலேயே ஆம்ப்ளிஃபயர் இணைப்புக் கொடுக்கப் பழகியவள் பரிமளா. பையைக் கீழே போட்டுவிட்டுத் தகர அறைக்குத்தான் நேராக நடந்தாள். சித்தப்பா திருமுருகன் குறுக்கே கையை நீட்டினார். "அப்பன் கெடக்கையில பொட்டப்புள்ள ரெக்கார்டு போடுறதா? ஊரு காறித் துப்பும். அங்கிட்டுப் போயி பொம்பளைகளோட ஒக்காரு." வாழ்க்கையில் யார் பேச்சையும் கேட்காதவள் என்று பெயரெடுத்தவள் அன்றைக்குப் பார்த்துக் கேட்டாள். போய் உட்கார்ந்தாள். நாற்பது வருடம் ஊர்ச் சாவுக்கெல்லாம் பாட்டுப் போட்டவரைப் பாட்டில்லாமல் தூக்கிப்போனார்கள். அவளுக்குச் சித்தப்பா மேல் இருந்த கோபம் கொஞ்சம். உட்கார்ந்த தன் மேல்தான் மீதியெல்லாம்.

செத்தவர் தலை வைத்திருந்த இடத்தில் பதினாறு நாளும் விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்பது முறை. சேவுகன் உயிர் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே பிரிந்ததால் விளக்கும் தகர அறையில்தான். முதல் நாளே காற்றில் இரண்டு தடவை அணைந்தது. எண்ணெய் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் உதட்டைச் சுழித்தாள்: "ஆம்பளப்புள்ள வச்ச வெளக்குன்னா நிக்கும்." பரிமளாவுக்கு விளக்கிலும் நம்பிக்கையில்லை, முறையிலும் நம்பிக்கையில்லை. ஆனால் அந்தச் சொல் சுருக்கென்று ஏறிவிட்டது. ஜன்னல் இரண்டையும் அடைத்து, கதவிடுக்கில் சாக்கைத் திணித்தாள். மேலே தகரம், வெளியே அக்னி நட்சத்திரம், உள்ளே பதினாறு நாள் எரிந்த விளக்கு. வெப்பத்தில் பிளாஸ்டிக் இளகும் என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவள் அவள். வீம்பு வந்தால் பாடம் நினைவுக்கு வருவதில்லை. விளக்கு அசையாமல் எரிந்தது.

கருமாதி முடிந்து பெட்டிகளைத் திறந்தபோது தட்டுகள் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி இருந்தன. சில கிண்ணமாகக் குழிந்திருந்தன, சில யானைக் காது போல மடங்கியிருந்தன. கிளாரினெட் தட்டு நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெளியிலிருந்து காற்று வந்தது, உள்ளேயிருந்த வெயில் போகவில்லை. அன்றுமுதல் போகவேயில்லை. இன்னொன்றும் நடந்தது. அந்த வெயிலில் வருகிற போகிறவர்களெல்லாம் நனைந்துபோக, பரிமளாவுக்கு மட்டும் வேர்க்கவில்லை. கை, கால், நெற்றியெல்லாம் கிணற்றுப் படி போலச் சில்லிட்டுக் கிடந்தன. கடைசியாக அப்பாவின் பாதத்தைத் தொட்ட குளிர்ச்சி கையில் ஏறி, பிறகு இறங்கவில்லை. கீரனூர் வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே இ-சேவை மையத்தில் சேர்ந்தாள். அடுத்தவர் பிள்ளைகளுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் விண்ணப்பம் ஏற்றிக் கொடுத்தாள். விரல் பட்டு விசைப்பலகை சில்லிடுகிறது என்று அடுத்த ஷிஃப்ட் பெண் புகார் சொன்னாள்.

வெயில் போகவில்லை என்று தெரிந்ததும் ஊர் அதற்கு வேலை கொடுத்தது. புரட்டாசியில் மோர்மிளகாய் வந்தது, ஐப்பசியில் கொத்தவரை வத்தலும் நனைந்த ஸ்கூல் யூனிஃபார்மும் வந்தன, கார்த்திகையில் ஊருணியில் விழுந்த செல்போன் ஒன்று வந்து ஒரு மணி நேரத்தில் பேசியது. பாயை விரித்துப் பரப்புவார்கள், "காக்கா வந்தா வெரட்டிவிடு ஆத்தா" என்பார்கள், போய்விடுவார்கள். சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. வருடம் திரும்பாத துட்டி வீட்டில் வடகம் காயவைக்கலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு, "வெயிலுக்கு ஏதுடி தீட்டு?" என்று பிச்சையம்மாள் தீர்ப்புச் சொன்னாள். பரிமளா பாய்களுக்கு நடுவே காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். ஊரே வந்துபோகிற வாசலில் அவளோடு பேசியவை காக்கைகள்தான்.

வருடத் திவசத்துக்குள் அந்தக் கிளாரினெட்டைப் பாடவைத்துவிட வேண்டும், அதுவரை இந்த வீட்டில் வேறு எந்தத் தட்டும் பாடக்கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். வளைந்த தட்டை நிமிர்த்துவது எப்படி என்று யாரோ வெளிநாட்டுக்காரன் போட்டிருந்த காணொளியைப் பார்த்துப் படித்தாள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தட்டை வைத்து, இளகும்வரை சூடாக்கி, மேலே பாரம் ஏற்றி, அசைக்காமல் மெல்ல ஆறவிட வேண்டும். சூட்டுக்குப் பஞ்சமில்லை. ஆறவைக்கத்தான் அந்த வீட்டில் இடமில்லை. பழகிப் பார்க்க வேறொரு தட்டை வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி மூன்று நாள் காத்திருந்தும் தட்டு இளகியே கிடந்தது, கல்லை எடுத்ததும் பழையபடி முதுகைத் தூக்கியது. அவளுக்கு யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிச்சையம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பெரியம்மா, உள் ரூம்ல ஒரு மூலை குடுங்க. ஒரு கண்ணாடி அகலம் போதும், ஒரு நாள் ஆறட்டும்."

"செத்தவன் சாமானையா? மக முழுகாம இருக்காடி வீட்டுல."

"உங்க வடகம் என் வாசல்ல மூணு மாசமா காயிது."

"வடகம் வேற, இது வேற" என்று பிச்சையம்மாள் கதவைச் சாத்தினாள். சாத்தும்போதே, மோர்மிளகாயைத் திருப்பிப் போட்டாயா என்றும் கேட்டுக்கொண்டாள்.

பரிமளா வந்த வேகத்தில் அம்மிக்கல்லைத் தள்ளிவிட்டுக் கண்ணாடி மேல் தானே ஏறி உட்கார்ந்தாள். அழுவதற்காக உட்கார்ந்தாளா, உடைப்பதற்காகவா என்பது அவளுக்கே தெரியாது. கண்ணாடி உடையவில்லை. அவள் உடம்புக் குளிர் கண்ணாடியில் மெல்ல இறங்கியது. இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து பார்த்தால் தட்டு சப்பாத்திப் பலகை போலப் படிந்து கிடந்தது. அதன்பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் இரண்டு தட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று என்று உட்கார ஆரம்பித்தாள். உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டாள். கிளாரினெட்டைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தாள். ஒரு தட்டு நிமிர்ந்தால் வாசல் வெயிலில் ஒரு சாண் சுருங்கியது. தை பிறந்தபோது சுவரோரத்தில் புல் முளைத்தது. மாசியில் கூரை மேல் பனி இறங்கியது. பங்குனிக் கடைசியில் இருநூற்றுப் பதின்மூன்று தட்டுகள் நிமிர்ந்து பெட்டிக்குப் போயின. மிச்சமிருந்த வெயிலெல்லாம் வாசல் நடுவே ஒரு பாய் அகலத்துக்கு ஒதுங்கி, பழையபடி நாற்பத்திரண்டு புள்ளி மூன்றில் நின்றது.

அந்த ஒரு பாய் வெயிலுக்குத்தான் ஊர் முதன்முதலாக அவள் வாசலில் உட்கார்ந்தது. வெளியே நாலு நாளில் காய்கிற வடகம் அங்கே ஒரு பொழுதில் காய்ந்ததால், இடம் பிடிக்க விடியலிலேயே வந்து, விட்டுப்போக மனமில்லாமல் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. மருமகள் கதை, சிலிண்டர் கதை, பஸ்ஸில் செருப்பைத் தொலைத்த கதை என்று வாசல் நிறைந்தது. பரிமளாவையும் இழுத்துப்போட்டுப் பேசினார்கள். பிச்சையம்மாள் ஒருநாள் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். "ஒத்தப் பிளேட்டுத்தானே, அப்பிடியே கெடக்கட்டுமே. நாங்க வந்து போயிருந்தா ஒனக்கும் தொணையா இருக்கும்ல" என்றாள். குழம்பு நன்றாக இருந்தது. பரிமளா பத்து நாள் அந்தத் தட்டைத் தொடவில்லை. பத்து நாளும் அவள் வீட்டில் ஆள் குரல் கேட்டது. தட்டு நிமிர்ந்துவிட்டால் ஒரு காக்கைகூட வராது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

திவசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் கண்ணாடியைத் துடைத்தாள். பிச்சையம்மாள் பாயிலிருந்து எழுந்தே விட்டாள். "பாட்டுப் போட்டா செத்தவன் திரும்பி வந்துருவானா?"

"வர வேணாம் பெரியம்மா. அவரு இன்னும் போகவே இல்லை."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கண்ணாடி மேல் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் வாசல் வெயில் கைக்குட்டை அளவாகி, உள்ளங்கை அளவாகி, இல்லாமல் போனது. பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கிளாரினெட் தட்டு தட்டையாகிவிட்டது, தொட்டால் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

திவசத்தன்று வானம் மூடிக்கொண்டிருந்தது. சித்தப்பா தர்ப்பைப் புல்லோடு உட்கார்ந்திருந்தவர், அவள் குழாயோடு வேப்பமரத்தில் ஏணி சாத்தி ஏறுவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "இறங்கு. நான் எதுக்கு இருக்கேன்?" "ஏறுங்க சித்தப்பா" என்று இறங்கி நின்றாள். அவர் முழங்காலைத் தடவிப் பார்த்தார், ஏணியின் மூன்றாம் கம்பைப் பார்த்தார், பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறிக் கட்டினாள். மைக்கை ஊதிப் பார்த்து, அப்பா சொல்கிற மாதிரியே, "ஹலோ, ஹலோ. சேவுகன் ரேடியோஸ், அரிமளம்" என்றாள். முள்ளை இறக்கினாள்.

தட்டு முழுசாக நிமிரவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிளாரினெட் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது, தலையில் சுமையோடு நடக்கிறவர் மூச்சு வாங்குவது மாதிரி. ஆனால் முள் குதிக்கவில்லை. பாட்டோடு சேர்ந்து குழாய் வழியாக ஒரு வருட வெயிலும் வெளியேறியது. நாலு தெருவில் கொடியில் கிடந்த ஈரத் துணி மொறமொறத்தது. பிச்சையம்மாள் மொட்டை மாடியில் அன்று காலை பிழிந்த வடகம் சடசடவென்று காய்ந்து தானாகத் துணியை விட்டுக் கழன்றது. கிழக்கே போன பஸ்ஸில் ஜன்னலோரத்துக்காரர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்று நிமிடம் இருபது நொடியில் எல்லாம் முடிந்தது. முள்ளை எடுத்தபோது பரிமளாவின் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. தகரத்தில் ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் மழை சத்தம் போட்டது. சித்தப்பா நனைந்துகொண்டே ஏணியைப் பிடித்திருந்தார்.

அவள் நினைத்தபடியே அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பெட்டியிலிருந்த மற்றத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அவை பாடின, அவ்வளவுதான். ஆனால் அடுத்த வருடம் சித்திரை பிறந்ததும் இ-சேவை மையத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள் போகிற போக்கில், "அப்பா திவசம் இந்த வருசம் என்னைக்கு வருது?" என்று விசாரித்தார்கள். தேதியைச் சொன்னாள். முந்தின நாள் நாலு தெருவும் மாவு கிளறியது. கிளாரினெட் தட்டு அன்றும் சுட்டது, அன்றும் குழாயிலிருந்து வெயில் வந்தது, மூன்று நிமிடம் இருபது நொடி. இப்போது அரிமளத்தில் அது வடகத் திவசம். சேவுகனைப் பார்த்தேயிராத மருமகள்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அரிசி ஊறப்போடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் வடகத்தை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். போன வருடம் பிச்சையம்மாள் மட்டும் ஒரு படி வடகத்தைப் பரிமளா வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போனாள். பரிமளா அதைப் பொரித்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்புக் கொஞ்சம் தூக்கல்.