நரம்புகளுக்கு நடுவே வெளிச்சம்

நெல்லுக்கு மேக்கப் போடுவதுதான் அக்காவின் வேலை என்று என் தம்பி சிலம்பரசன் எங்கள் ஊர் நெடுங்காடு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் பெரிய தப்பில்லை.

தருமபுரத்தில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் செடிகொடிகள் செய்து தருகிறேன். விளம்பரத்துக்கு வாழைத்தோப்பு, விளையாட்டுகளுக்குக் காடு. போன வருஷம் நெல் வந்தது. விவசாயிகளுக்காக யாரோ ஒரு ஆப் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். இலைக்கு நேராகப் போனைக் காட்டினால் நோய் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி அதைப் பழக்க வேண்டும். அவ்வளவு போட்டோ யாரிடமும் இல்லாததால் படங்களை நாங்களே செய்தோம். நோய்ப்பட்ட இலைகள் மற்றவர்களுக்குப் போயின. நோயில்லாத நல்ல இலை எனக்கு வந்தது.

முதலில் செய்த இலையைப் பார்த்துவிட்டு, என் டீம் லீடர் பிரதீபா, "பச்சை பெயின்ட் அடிச்ச தகரம் மாதிரி இருக்கு தாமரை" என்றாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் இலை தகரம் மாதிரிதான் இருந்தது. உயிருள்ள இலை மேல் விழுகிற வெளிச்சம் பட்டவுடன் திரும்பிவிடுவதில்லை. கொஞ்சம் உள்ளே போய், சதைக்குள் அலைந்து திரிந்து, இளம்பச்சையாக மறுபக்கம் கசிகிறது. எங்கள் தொழிலில் இதற்கு சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங் என்று பெயர். வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகலாம், எந்த நிறம் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒவ்வொன்றையும் திரையில் இழுத்துக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர் உண்டு. கூட்டினால் இலை மெழுகாகிவிடும், குறைத்தால் மறுபடியும் தகரம். மூன்று வாரம் இப்படியே இழுபறியாகப் போனது.

அப்புறம்தான் நிஜ இலையைப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெடுங்காடு போனேன். எங்கள் வயலில் சம்பா இடுப்பளவு நின்றது. இலை இலையாகக் கிள்ளி சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். பெரும்பாலான இலைகள் மங்கலாகத்தான் தெரிந்தன. சில இலைகளில் மட்டும் நரம்புகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் ஓடின. பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மாதிரி, அந்தக் கோடுகளில் மட்டும் வெளிச்சம் தாராளமாக வந்தது. அவ்வளவு அழகு. இதைத்தானே தேடினேன் என்று எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"என்னக்கா, இலையப் பறிச்சு என்ன பண்ணப்போற?" என்று வரப்பிலிருந்து தம்பி கேட்டான்.

"நீ உன் வேலையப் பாரு. இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன்.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அந்தக் கோடுகளை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தேன். பிரதீபா ரொம்ப நேரம் பார்த்தாள். "இலை மூச்சு விடுதுடி" என்றாள். "நல்ல இலைதானே? விவசாயம் படிச்சவங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுக்கவா?"

"எங்க வயல்ல பறிச்சது. நான் நெடுங்காட்டுக்காரி, எனக்கு நெல்லு தெரியாதா?" என்றேன். அவளும் விட்டுவிட்டாள். அந்த ஒரு இலையிலிருந்து பன்னிரண்டாயிரம் படங்கள் போயின. வளைத்து, திருப்பி, மழையில் நனைத்து, வெயிலில் காட்டி, எல்லாவற்றிலும் அந்தக் கோடுகளோடு.

இந்த வருஷம் ஆடி மாதம் ஆப் வந்தது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வயல்காரர்கள் பதினோரு பேர் போனில் அவனே ஏற்றிக் கொடுத்தான். "எங்க அக்கா செஞ்சது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னானாம். கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன வியாழக்கிழமை, ஒரு வாரம் விடாமல் பெய்த மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. ஆப்பில் புதிதாகச் சில நோய்களைச் சேர்க்கப்போகிறார்கள் என்று பிரதீபா மாதிரிப் படங்கள் அனுப்பியிருந்தாள். இந்த முறை நோய் இலை எனக்கு. முதல் படத்தைத் திறந்தேன். என் இலை.

முதலில் யாரோ தப்பாக என் படத்தையே அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். கீழே குறிப்பு இருந்தது. பாக்டீரியா இலைக்கோடு நோய், ஆரம்ப நிலை. வெளிச்சத்தில் பிடித்தால் நரம்புகளுக்கு இடையே கண்ணாடி போன்ற கோடுகள் தெரியும். வயல் நீர் வழியே பரவும். நான் செய்த இலைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது. போன வருஷம் மழை குறைவு, அதனால் பரவாமல் அடங்கியிருக்க வேண்டும். ஓர் இலை நோயில் கிடந்ததை நான் அழகு என்று நினைத்து, அதுதான் ஆரோக்கியம் என்று பன்னிரண்டாயிரம் தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பிரதீபாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "திங்கக்கிழமை மீட்டிங்ல நானே சொல்றேன். அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாத" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, பயந்துவிட்டாள். எனக்கும் பயம்தான். ஆனால் தண்ணீர் திங்கட்கிழமை வரைக்கும் வயலில் நின்று காத்திருக்காது. தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வயலைத் தூரத்திலிருந்து பார்த்தபோதே தெரிந்துவிட்டது. கீழப்பங்கு முழுக்கச் செம்பழுப்பாகியிருந்தது. தம்பி வரப்பில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தவள், அவனைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஒம்போது நாளைக்கு முன்னாடியே பாத்தேங்கா" என்றான்.

"எதை?"

"இந்தக் கோட்டத்தான். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், பளிச்சுன்னு தெரிஞ்சுது. இது ஆவாதேன்னு தோணுச்சு. அப்பறம் போன்ல காட்டுனேன், நல்லாருக்குன்னு சொல்லுச்சு. மூணு தடவ காட்டுனேன். மூணு தடவயும் அதத்தான் சொல்லுச்சு." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா செஞ்சது தப்பா இருக்குமா, நம்ம கண்ணுதான் சரியில்லன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.  அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ராஜம் அத்தைய நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்றான்.

எங்கள் வயலுக்குக் கீழே ராஜம் அத்தையின் அஞ்சு மா நிலம். கணவர் போனபிறகு தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். அவர் வயலுக்குத் தண்ணீர் எங்கள் வயலிலிருந்து ஒரு மடை வழியாகத்தான் போக வேண்டும். நாலு நாள் முன்னால் எங்கள் பயிரைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, மடையை அடைத்துவிடவா என்று அவர் கேட்டிருக்கிறார். இவன்தான் போனைக் காட்டி, கேலி பேசி, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

"நான் இப்பப் போயி மாத்திச் சொன்னா எடுபடாதுக்கா. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

அத்தை கீழ்வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. ஓர் இலையைக் கிள்ளி வானத்துக்கு எதிரே பிடித்தேன். ஒன்றுமில்லை. இன்னும் நாலைந்து பார்த்தேன். மடையோரம் இருந்த ஒரு இலையில் மட்டும் ஒரே ஒரு கோடு, நகக்கண் நீளத்துக்கு.

"அத்தை, மடைய அடைச்சிடுங்க. எங்க வயல்ல சீக்கு. உங்க வயலுக்கும் வர ஆரம்பிச்சிடுச்சு."

"வா தாமரை, எப்ப வந்தே?" என்று எழுந்தவர் மடியிலிருந்து போனை எடுத்தார். அந்த இலையை வாங்கி அதற்கு நேராகக் காட்டினார். பச்சை வட்டம் வந்தது. 'பயிர் நலமாக உள்ளது.'

"பாரு, என்னா சொல்லுதுன்னு. உங்க பயிரு மழைத்தண்ணி நின்னு செவந்திருக்கும்."

"அது தப்பாச் சொல்லுது அத்தை. அதுக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சீக்கு இலைய நல்ல இலைன்னு நெனச்சு வரஞ்சிட்டேன். என்னை நம்புங்க, தயவுசெஞ்சு அத நம்பாதீங்க."

அத்தை என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, புல் ஒட்டியிருந்த கையால் என் கன்னத்தை வழித்தார்.

"இவ்வளவு படிச்சும் கொஞ்சமாவது கர்வம் இருக்கா பாரு, இந்தப் பொண்ணுக்கு. உன் கைவேலைய நீயே மட்டமாப் பேசாதம்மா. மழையும் விட்டுடுச்சு, கருது வர்ற நேரம், தண்ணி ஓடட்டும்."

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவருக்கு என் மேல் பிரியம்தான் கூடியது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினேன். மடை வாயில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அடைக்க ஆரம்பித்தேன். "ஏய், என்னடி பண்றே? பயிரு காஞ்சிடும்டி!" என்று அத்தை கத்திக்கொண்டே ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. அடைத்து முடிக்கும்வரை அவர் என்னை வைதுகொண்டே இருந்தார்.