பத்துப் பை மண்

1.

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் ஆய்வுக்கூடத்து அம்மாள் தொலைபேசியில் அழைத்து, "தொழிற்பேட்டைக்குள்ள இப்படி ஒரு மண்ணை நான் பாத்ததே இல்லைங்க ஐயா" என்றார். எங்கள் குடும்பத்துக்குப் பாராட்டு புதிதல்ல. ஆனால் இது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

2.

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

‘காலஞ்சென்ற என் அண்ணன் முப்பது ஆண்டுகள் நடத்திய பேட்டரிப் பட்டறை...’ (இரங்கல் கூட்டத்துப் பேச்சு. வேண்டாம்.)

‘நகரத்து மண்ணுக்கு வாய் இருந்தால்...’ (இல்லையே.)

மூன்றாவது நேராக வருகிறது. கணவரை இழந்த ஒரு பெண்மணி, அவருடைய பட்டறை இருந்த இடத்தைப் பக்கத்து மழலையர் பள்ளிக்குத் தோட்டம் போடக் கொடுத்தாள். வாசல் பலகையில் கணவர் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்காரர்கள் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஆய்வுக்கூடம் பத்துத் துணிப் பைகளை அனுப்பியது: பத்து இடங்களில் ஒரு சாண் தோண்டி நிரப்பித் தரவும்.

3.

அவளுக்கு அந்த இடம் தெரியும். பழைய பேட்டரிகளை உடைத்து அமிலத்தைக் கொட்டிய மூலை, ஈயம் உருக்கிய அடுப்பு, புல்கூட யோசித்து முளைக்கும் நடுப்பகுதி. நல்ல மண் கையில் பொலபொலவென்று உதிரும், மழையைக் குடிக்கும், மண்புழு நெளியும். இங்கே தண்ணீர் ஊற்றினால் மேலேயே நின்றது.

விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குகிற குடும்பம் அது. அவள் மாடியேறிப் பூந்தொட்டிகளைக் கவிழ்த்துப் பத்துப் பைகளையும் நிரப்பினாள்.

(ஓரக் குறிப்பு: ஈயம் மழையில் கரைந்து போய்விடும் என்பார் அண்ணன். போகாது. பட்டறையை மூடினாலும் மேல்மண்ணிலேயே உட்கார்ந்திருக்கும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளை அது சீக்கிரம் பிடிக்கும். மண்ணளைந்த கையை வாயில் வைப்பவர்கள் அவர்கள்தானே.)

4.

இதுவரை எழுதியதை அண்ணியிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏன் தம்பி, மாடி ஏறுற முட்டியா எனக்கு?"

"கதைதானே அண்ணி."

"ஓகோ, கதையில மட்டும் முட்டி சரியாயிடுச்சாக்கும். தொட்டியைக் கவுத்தது நீங்க. என் ரோஜாச் செடி ரெண்டு போச்சு."

"அண்ணன் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான்..."

"பலகையில அவர் பேரு இருக்கும். அதுக்குக் கீழ ஒரு புள்ள மண்ணை வாயில போட்டுக்கும். அப்ப அந்தப் பேரு எப்படி இருக்கும்?" தாள்களை மடித்துக் கொடுத்தார். "நானும் பாத்துக்கிட்டு சும்மாதான் இருந்தேன். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். மூன்றாம் பகுதியில் ‘அவள்’ வரும் இடங்களில் என்னை வைத்துப் படிக்கவும். அடித்துத் திருத்தலாம், ஆனால் முதலில் எப்படி எழுதினேன் என்பதும் தெரியட்டும்.

5.

முடிவுக்கும் மூன்று முறை முயன்றேன்:

ஓசைப்படாமல் மேல்மண்ணை வெட்டியெடுத்து, நல்ல மண் கொட்டுகிறோம். (வெட்டியதை எந்த வீட்டுப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவது?)

இடம் தர மனமில்லை என்று சொல்லிவிடுகிறோம். (பள்ளிக்கும் இதற்கும் நடுவில் இருப்பது கம்பிவேலி. புழுதி அதைக் கேட்டுக்கொண்டா பறக்கும்?)

ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசி செய்து உண்மையை... (எடுத்தேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன்.)

திங்கட்கிழமை பிள்ளைகள் கீரை விதையோடு வருகிறார்கள். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் பள்ளி நடத்துகிற அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். பலகையில் என்ன எழுதுவது என்று கேட்டு வந்திருக்கிறார். அண்ணி அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், நான் எழுதி முடிப்பதற்காக.

அம்மா, எழுதித் தர என்னிடம் இருப்பது இந்தத் தாள்கள்தான். இடமே வேண்டாம் என்பீர்களோ, மறுபடி சோதிக்கச் சொல்வீர்களோ, எங்கள் பெயரை ஊரறியச் சொல்வீர்களோ, ஆறாம் பகுதி உங்களுடையது. நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிர் நாற்காலியில் இருப்பேன். எழுந்து போகமாட்டேன்.