மண்டையா, தட்டா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் மாலை ஆறரைக்கே ஜனகராஜ் லேப்டாப்பைத் திறந்துவிடுவார். ஏழு மணிக்கு நியூஜெர்சியிலிருந்து மகள் இந்துப்ரியா பேசுவாள். அங்கே அப்போது காலை ஒன்பதரை. பத்து மணிக்கு மகளும் மருமகன் கார்த்திகேஷும் பேத்தி வித்யாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். ஆக, வாரத்துக்கு அரை மணி நேரம். அதில் பாதியை லேப்டாப்பே தின்றுவிடும்.

ஆறரைக்குத் திறந்தும் பயனில்லை. மகள் கூப்பிட்டு, கேமராவுக்கான பொத்தானை அமுக்கியதும் எல்லாம் உறைந்துபோகும். அணைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால் பன்னிரண்டு நிமிடம். மகள் செல்போனில் கூப்பிடுவாள்.

"வந்துருச்சாப்பா?"

"இன்னும் வரலம்மா. சுத்திக்கிட்டே இருக்கு."

"சரி, இருங்க. இருக்கேன்."

இப்படியே போகும். ஒருவழியாக அவள் முகம் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும்போது, பின்னால் கார்த்திகேஷ் காலில் ஷூ மாட்டிக்கொண்டிருப்பான்.

மனைவி ரங்கநாயகி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தக் காரியத்துக்கு வந்தபோதுதான் இந்து இந்த லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். மதுரை கே.கே. நகர் வீட்டில் அவர் மட்டும்தான். அக்கம்பக்கத்தாரோடு தமிழில் இரண்டு வார்த்தை பேசுவதுண்டு. வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் வாயைத் திறப்பது வாரத்துக்கு ஒருநாள், இந்த அரை மணி நேரத்தில்தான். சில சமயம் சமையலறையில் தனியாக நின்று, உப்புப் போட்டாயா என்று அவரே அந்த மொழியில் கேட்டுக்கொள்வார். கேட்டபின் கூச்சமாக இருக்கும்.

"பிராசஸர் பழசு மாமா. இனிமே அதுல ஒண்ணும் பண்ண முடியாது. வேகமான பிராசஸரோட புதுசு ஒண்ணு வாங்கி அனுப்புறேன்" என்று கார்த்திகேஷ் சொன்னான். மென்பொருள் கம்பெனியில் வேலை. சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆனாலும் அடுத்த ஞாயிறுவரை பொறுக்க முடியாமல், ஜனகராஜ் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த சர்வீஸ் கடைக்குப் போனார். கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்கில் கண்ணாடி தொங்க, லேப்டாப்பை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து ஜனகராஜைப் பார்த்தார்.

"நீங்க கப்பலூர்ல இருந்தீகள்ல சார்? பம்ப் கம்பெனியில. ஸ்டாப்வாட்ச் சார்."

ஜனகராஜுக்குக் காது மடல் சூடானது. அந்தத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் அவருடைய வேலையே அதுதான். ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் போய் நின்று, ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் போடுகிறான் என்று ஸ்டாப்வாட்சை வைத்து அளந்து எழுதுவது. அவர் எழுதியதை வைத்துத்தான் ஆட்களை மாற்றுவார்கள், நிறுத்துவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

"நான் காசிமாயன் சார். சமயநல்லூர். மூணாம் நம்பர் டிரில்லிங் மெஷின்."

"எனக்கு... சரியா ஞாபகம் வரலையே."

"வராது. எம்புட்டு ஆளுக." காசிமாயன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். "இந்த லைட்டப் பாருங்க. அணையவே மாட்டேங்குதா? அப்படின்னா ஹார்ட் டிஸ்க் ஓடிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். உள்ள ஒரு தட்டு சுத்தும். அதுல இருந்துதான் எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கணும். பிராசஸர் மண்டை மாதிரி. இந்தா, திரையில இந்தக் கணக்கப் பாருங்க, மண்டை பத்துல ஒரு பங்குகூட வேலை பாக்கல. சும்மா காத்துக்கிட்டு இருக்கு."

"மருமகன் பிராசஸர்தான்னு சொல்றார்."

"சொல்லுவாக. நீங்களும் அப்படித்தான சார் எழுதுனீங்க?" குரல் உயரவில்லை. "மூணாம் நம்பர் ஆபரேட்டர் கை மெதுவுன்னு. என் கை வேகமாத்தான் இருந்துச்சு. ரெண்டாம் நம்பர்ல இருந்து பீஸ் வந்து சேரல. பீஸ் வந்தாத்தானே ஓட்டை போடுறதுக்கு? என்னையக் குடோனுக்கு மாத்துனாக. மூட்டை தூக்க முடியாம வேலைய விட்டு நின்னுட்டேன்."

ஜனகராஜ் அணையாத அந்த லைட்டைப் பார்த்தார். காசிமாயன் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சுத்துகிற தட்டே இல்லாத புது மாதிரி டிஸ்க் வந்திருக்கிறது, எஸ்.எஸ்.டி. என்று பெயர், மதுரையில் இன்னும் யாரும் வாங்குவதில்லை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார். "வரவழைங்க" என்று சொல்லிவிட்டு ஜனகராஜ் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அன்று சாயங்காலம் முழுக்க மூன்றாம் நம்பர் மெஷினை நினைவுபடுத்திப் பார்த்தார். மெஷின் வந்தது. பச்சைப் பெயின்ட், எண்ணெய் வாடை, கீழே சுருள் சுருளாகக் கிடந்த இரும்புச் சீவல் எல்லாம் வந்தது. நின்றிருந்த ஆளின் முகம் மட்டும் வரவே இல்லை. கைகள்தான் வந்தன.

பத்து நாளில் டிஸ்க் வந்தது. காசிமாயன் மாட்டி, விண்டோஸை ஏற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு நிமிடம் எடுத்த லேப்டாப் நாற்பது விநாடியில் திறந்தது. கேமராவும் உறையவில்லை. அந்த ஞாயிறு ஏழு மணிக்கெல்லாம் இந்து திரையில் இருந்தாள். முகம் மட்டும் முன்போலவே கட்டம் கட்டமாகத் தெரிந்தது; அவள் பேசி முடித்தபின்தான் உதடு அசைந்தது. "பரவாயில்லையே!" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் கார்த்திகேஷ் அனுப்பிய புது லேப்டாப், ஊருக்கு வந்த நண்பர் கையில் வந்து சேர்ந்தது. ஜனகராஜ் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய புத்தி விடவில்லை. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை திறந்து மூடி அளந்தார். புதுசு திறக்க ஒன்றே முக்கால் நிமிடம். பழசு நாற்பது விநாடி. கோடு போட்ட தாளில் அட்டவணையாக எழுதி, அதையே மருமகனுக்கு மின்னஞ்சலில் தட்டி அனுப்பினார். கடைக்காரர் சொன்னதுதான் சரி என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார்.

பதில் இந்துவிடமிருந்து வந்தது, போனில்.

"அப்பா, அவர் ஆசையா வாங்கி அனுப்புனார். நீங்க அதுக்கு மார்க் போட்டு அனுப்பியிருக்கீங்க."

"இல்லம்மா, உண்மை எதுன்னு..."

"உண்மைதான்ப்பா. அவர் ஒண்ணும் சொல்லல. சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டார்."

போனை வைத்துவிட்டு அந்த அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு காசிமாயன் கடைக்குப் போனார்.

காசிமாயன் புதுசைத் திறந்து ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டினார். படம் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அதே வீடியோ பழசில் திக்கித் திக்கி ஓடியது.

"உங்க மருமகன் சொன்னதும் தப்பில்ல சார். திறக்குறதுக்குத் தட்டு. மூஞ்சி தெளிவாத் தெரியுறதுக்கு மண்டை வேணும். நீங்க திறக்குற நேரத்த மட்டும் அளந்துட்டீங்க. பழசுல இருக்க டிஸ்க்கைக் கழட்டி இதுல மாட்டிருவோம். ரெண்டும் ஒண்ணாச் சேந்துரும்."

ஜனகராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். "காசிமாயன், அன்னைக்கு நான் உங்க கையை மட்டும்தான் பாத்தேன். ரெண்டாம் நம்பரைத் திரும்பிப் பாக்கல. தப்பு என்னோடதுதான்."

காசிமாயன் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அதுக்கு என்ன செய்யச் சொல்றீங்க இப்ப" என்றார். கடைசித் திருகாணியையும் போட்டுவிட்டு, "சாயங்காலம் வாங்க. ரெடியா இருக்கும்" என்றார்.

அன்று இரவே கார்த்திகேஷுக்கு எழுதினார். நீங்கள் சொன்னதும் சரி, நான் அளக்காததை அளந்ததுபோல எழுதிவிட்டேன், மன்னியுங்கள் என்று நான்கு வரி. "பரவால்ல மாமா" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

ஞாயிறு மாலை ஏழு மணி. அமுக்கியதும் இந்து வந்தாள். கட்டம் இல்லை, திக்கல் இல்லை. மகளின் முகத்தை மூன்று வருடத்தில் முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது. அம்மாவின் சாயல் இவ்வளவு வந்திருப்பது தெரியாமலே இருந்திருக்கிறது.

சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, மழை உண்டா என்று கேட்டாள். சொன்னார். வித்யா வந்து கையை ஆட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு ஓடினாள். ஏழு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"அப்புறம்ப்பா?"

"அப்புறம்... நீதான் சொல்லணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளும் அந்த அரை மணியை 'வந்துருச்சா, வரலையா' என்ற பேச்சுதான் நிரப்பியிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"அப்பா, ஏன் இம்புட்டு மெலிஞ்சுட்டீங்க?" இந்து திரைக்குக் கிட்டே குனிந்தாள். "கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கு. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே."

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"ஒருத்தனுக்காகச் சமைக்கத் தோணல இந்து. பேச ஆள் இல்ல. சில நாள் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவரை அங்கே வைத்துக்கொள்ள அவளால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மீதி நேரமும் பேச்சில் போனது; பின்னால் கார்த்திகேஷின் குரல் கேட்டது, நேரமாச்சு என்று. பிறகு அவனே திரைக்குள் குனிந்து, "மாமா, ஆஃப் பண்ணாதீங்க. அப்படியே இருக்கட்டும். நாங்க ஒரு மணி நேரத்துல வந்துருவோம். மத்தியானம் வரைக்கும் வீட்லதான் இருப்போம். நாங்க பாட்டுக்கு வேலை பாப்போம், நீங்க பாட்டுக்கு இருங்க" என்றான்.

"அது எதுக்கு மாப்ள, வீணா..."

"இருக்கட்டும் மாமா."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரையில் அவர்களுடைய சமையலறை மட்டும் இருந்தது. தொட்டியில் இரண்டு கிண்ணம், ஜன்னலில் வெயில், நாற்காலி முதுகில் வித்யாவின் சின்ன ஸ்வெட்டர். ஃப்ரிட்ஜ் ஓடும் இரைச்சல் லேசாகக் கேட்டது.

ஜனகராஜ் எழுந்துபோய்க் காலையில் வைத்த சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து எடுத்துவந்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.